நாகர்கோவிலில் இன்றைக்கே பூ கொண்டுபோய்க் கொடுக்க வழி உண்டா?

மஸ்கட்வாசி (புதன், காலை 9:38)

அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்று அம்மா அப்பாவுக்கு 40-வது கல்யாண நாள். வீடு நாகர்கோவில் பார்வதிபுரத்தில். நான் மஸ்கட்டில். நேற்றே ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் 40 சிவப்பு ரோஜா வைத்த பொக்கேக்கு 1,850 ரூபாய் கட்டினேன். 'அதே நாள் டெலிவரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், பின்கோடையும் வாங்கிக்கொண்டான். காலையில் போனைத் திறந்தால், 'உங்கள் பகுதிக்கு வெள்ளிக்கிழமைதான் முடியும், சம்மதமா?' என்று மெசேஜ். வெள்ளிக்கிழமை யாருக்குக் கல்யாண நாள்?

கூட்டாளிகள் எல்லாரும் சென்னை, பெங்களூரு என்று போய்விட்டார்கள். சித்தப்பா மகன் ஊரில்தான் இருக்கிறான். அவனிடம் சொன்னால் பூ போவதற்கு முன்னால் செய்தி போய்விடும். மாலைக்குள் பூ வீட்டுக்குப் போயாக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

வடசேரிக்காரன் (9:52)

முதல் வேலையாக அந்த ஆர்டரை ரத்து செய்யுங்கள். 'சம்மதம்' என்று மட்டும் தட்டிவிடாதீர்கள், அப்புறம் பணம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அந்தத் தளங்களிடம் பூ கிடையாது. ஆர்டரை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதிக்கு உள்ளூர்க் கடை ஒன்றிடம் தள்ளிவிடுவார்கள். சென்னையில் நாலு கடை முடியாது என்றாலும் ஐந்தாவது கடை எடுத்துக்கொள்ளும். இங்கே அப்படிச் சேர்ந்திருக்கும் கடை ஒன்றோ இரண்டோதான். அவர்கள் கல்யாண வேலையில் இருந்தால் போனையே எடுக்க மாட்டார்கள். இன்று ஆவணி முகூர்த்தம் வேறு, கேட்கவா வேண்டும்?

போன வருடம் என் தங்கை பிறந்தநாளுக்கு இப்படி ஒரு தளத்தில் 1,500 கட்டினேன். பூ அன்றைக்கே வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் கடைப் பையன் பேப்பருக்குள் ஒரு துண்டுச் சீட்டை மறந்து வைத்துவிட்டான். அதில் அவனுக்குப் போன தொகை 700 என்று இருந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

சும்மா ஒருத்தன் (9:58)

1,850 ரூபாய்க்குப் பூவா? அந்தப் பணத்தை அம்மா கணக்கில் போட்டால் ஒரு மாதத்துக்கு மளிகை வாங்குவார்கள். போன் பண்ணி வாழ்த்துச் சொன்னால் போதாதா?

மஸ்கட்வாசி (10:03)

அண்ணே, போன் ஆறரை மணிக்கே பண்ணியாச்சு, இங்கே அப்போது விடிகாலை ஐந்து. அம்மா 'சரிப்பா, சாப்பிட்டியா' என்று கேட்டு வைத்துவிட்டாள். அதனால்தான் பூ.

பந்தல்காரர் (10:14)

மேடை அலங்காரம்தான் எனக்குத் தொழில், அதனால் ரோஜா பற்றி மட்டும் சொல்கிறேன். படத்தில் நீங்கள் பார்த்த நீளத் தண்டு ரோஜாவை இங்கே ஸ்டெம்பு ரோஸ் என்போம். அது நம் மாவட்டத்துச் சரக்கே இல்லை. ஓசூர், பெங்களூரு பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்து, 20 பூ ஒரு கட்டாக, ராத்திரி வண்டியில் ஏறி விடியலில் இங்கே இறங்குவது. இறங்குகிற கட்டு பெரும்பாலும் யாராவது முன்பே சொல்லிவைத்ததாக இருக்கும். இன்றைக்கு வந்த எட்டுக் கட்டும் என் மேடையில்தான் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் கூடை நிறைய ரோஜா இருக்குமே என்பீர்கள். அது பட்டர் ரோஸ், பாக்கெட் ரோஸ். மாலைக்குள் வைத்துக் கட்டுகிற பூ, தண்டு இருக்காது. என் மச்சினன் ஒருமுறை துபாயிலிருந்து கடைக்குப் போன் போட்டு, "25 ரோஜா வீட்டுக்குக் கொடுத்துவிடுங்க" என்றான். சொன்னபடி எண்ணி 25 பூவை இலையில் பொதிந்து, நூல் சுற்றி அனுப்பிவிட்டார்கள். அக்கா அதைச் சாமி படங்களுக்கு வைத்துவிட்டு, "பூவுக்கெல்லாம் துபாயிலிருந்தா சொல்லணும்?" என்று கேட்டாளாம்.

அப்புறம் ஓணம் நெருங்குகிறது. அத்தப்பூக் கோலத்துக்காகக் கேரளத்து வியாபாரிகள் தோவாளைப் பூச்சந்தையில் கிரேந்தி, வாடாமல்லி, கோழிப்பூ என்று மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுகிறவர்கள் கைக்கு ஓய்வே இல்லை. எதைச் சொன்னாலும் பதினொரு மணிக்குள் சொல்லிவிடுங்கள்.

ரிட்டயர்டு தபால் (10:22)

தம்பி, ஒரு எச்சரிக்கை. போனில் சொல்லும்போது 'ரவுண்டாக', 'பெரிசாக' என்ற சொற்களைத் தவிர்க்கவும்.

நண்பர் ஒருவரின் மகன் கிளினிக் திறந்தபோது வர முடியாத நாங்கள் நாலு பேர் சேர்ந்து பூ அனுப்ப நினைத்தோம். நான்தான் பேசினேன். "நல்லா பெரிசா, வட்டமா, வெள்ளையும் மஞ்சளுமா, ஸ்டாண்டோட, ஒரு மணி நேரத்துல" என்றேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "பேர் எழுதணுமா ஸார்?" என்று கேட்டார். டாக்டர் பெயரைச் சொன்னேன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே கிளினிக் வாசலில் மலர் வளையம் வந்து இறங்கியது, புது டாக்டர் பெயர் போட்ட ரிப்பனோடு. குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். நண்பர் இன்றுவரை முழு மனதோடு என்னிடம் பேசுவதில்லை.

யோசித்தால் கடைக்காரர் மேல் தப்பு இல்லை. இந்த ஊரில் ஒரு மணி நேரத்தில் பூ வேண்டும் என்று யார் கேட்பார்கள்? துக்க வீட்டார்தான். அந்த ஏற்பாடு இங்கே எந்த ஆன்லைனும் வருவதற்கு முன்பிருந்தே கடிகாரம் போல நடக்கிறது. கடைசி நேரத்தில் சொன்னாலும் மாலையும் வளையமும் வந்துவிடும். நல்ல காரியத்துக்குத்தான் நாம் முன்கூட்டியே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

பணம் அனுப்புவது பற்றி: ஓமான் எண்ணோடு இணைத்த என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான) வங்கிக் கணக்குகளிலிருந்தும் யூபிஐ செய்ய 2023-ல் அனுமதி வந்தது. உங்கள் வங்கி அந்த வசதியைத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இங்கே யாராவது கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், நான் கட்டுகிறேன்.

பூக்காரி மகள் (10:31)

மஸ்கட் அண்ணே, பொக்கேயை மறந்துவிடுங்கள். ஊரில் இன்று என்ன பூ இருக்கிறதோ அதைக் கேளுங்கள், மாலைக்குள் போய்விடும். என் அம்மா முப்பது வருடமாகப் பூ கட்டுகிறாள், நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நார் நனைத்துக் கொடுத்தவள்தான்.

பிச்சி கேளுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு: ஜாதிமல்லி என்று நீங்கள் சொல்வதுதான் எங்களுக்குப் பிச்சி. மொட்டாக இருக்கும்போது முதுகுப்பக்கம் லேசாக ரோஸ் நிறம் ஓடும். கட்டி வைத்தால் சாயங்காலம் விரியத் தொடங்கும், ராத்திரி வீடு முழுக்க வாசம், மறுநாள் காலையில் துவண்டு பழுப்பாகிவிடும். அதைப் பார்சல் போட்டு எங்கும் அனுப்ப முடியாது. தோவாளை இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்பதால் நம் ஊருக்கு அது அன்றன்றைக்கே கிடைக்கிறது. உங்கள் தளத்துப் படத்தில் பிச்சி இருந்திருக்காது, கவனித்தீர்களா?

முழக் கணக்கில் கேட்காதீர்கள். முழம் என்பது யார் கை என்பதைப் பொறுத்தது. கை நீளத்தை விடப் பெரிய விஷயம் கட்டு. தூரத் தூரக் கட்டினால் அரைப் பங்குப் பூவில் அதே நீளம் வந்துவிடும், இடையில் நார் தெரியும். "கால் கிலோ மொட்டு, நெருக்கிக் கட்டணும், வாழைநார்ல கட்டணும், நூல் வேண்டாம்" என்று எடையில் சொல்லுங்கள். எடையில் சொல்கிறவரிடம் கடைக்காரர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள்.

விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிச்சியும் மல்லியும் சும்மா கிடக்கிற நாளில் கிலோ 300, 400-க்கும் போகும். முகூர்த்தம் வந்தால் ஆயிரத்தைத் தாண்டும், பொங்கல் சமயத்தில் இரண்டாயிரத்துக்கு மேலும் ஏறும். காலையில் சந்தையில் என்ன விலைக்குப் போனது என்பது எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். அதோடு கட்டுக்கூலி சேரும். அதில் பேரம் பேசாதீர்கள், அது கட்டுகிறவளுக்குப் போவது.

கல்யாண நாள் என்பதால் ஒரு ஜோடி மாலையும் சொல்லுங்கள். சம்பங்கியில் இடையிடையே பட்டர் ரோஸ் வைத்து. இரண்டு மணி நேர வேலை.

நேரம்: நாலரை மணி. உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோனால் பூ வெந்துவிடும். தாமரை இலையில் பொதிந்து தரச் சொல்லுங்கள், பாலிதீன் பையில் போட்டால் உள்ளுக்குள்ளேயே வேர்த்து அழுகும்.

எங்களுக்குப் பழக்கமான கடை எண்ணைத் தனி மெசேஜில் அனுப்பியிருக்கிறேன்.

சும்மா ஒருத்தன் (10:40)

மாணிக்கமாலை சொல்லலாமே? தோவாளைக்கே பெருமை என்கிறார்கள்.

பூக்காரி மகள் (10:44)

சொல்லலாம், இன்றைக்குக் கிடைக்காது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பாய் முடைகிற மாதிரி தட்டையாகச் செய்வது அது. கல் பதித்த நகை போல இருக்கும். தோவாளையில் சில குடும்பங்களுக்குத்தான் அந்தக் கை வரும். 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், கைகள் கூடவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு வேண்டுமானால் இப்போதே சொல்லி வையுங்கள்.

மஸ்கட்வாசி (11:26)

பேசிவிட்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

நான்: அண்ணாச்சி, பிச்சி கால் கிலோ வேணும், நெருக்கிக் கட்டணும், வாழைநார்ல.
அவர்: யாருக்கு மக்களே?
நான்: அம்மாவுக்கு.
அவர்: அம்மைக்கு முடி எவ்வளவு இருக்கும்?

எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இடுப்பு வரை பின்னல் இருந்தது. இப்போது வீடியோ காலில் முகம்தான் தெரிகிறது, அதுவும் பாதி நேரம் நெற்றி மட்டும். கொண்டை போடுகிறாளா, பின்னுகிறாளா, எதுவும் தெரியவில்லை. "தெரியல அண்ணாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ரெண்டு துண்டாக் கட்டித் தாறேன், எப்படி வேணும்னாலும் வெச்சுக்கிடலாம்" என்றார்.

அப்புறம் விலாசம். தெருப் பெயர், கதவு எண் எல்லாம் சொன்னேன். அவர் எதையும் எழுதிக்கொண்ட மாதிரியே இல்லை. "பாலம் இறங்கி இடது கைப்பக்கமா? மாடியில சிவப்பு டேங்க் இருக்குமே, பேங்க்ல இருந்து ரிட்டயர்டு ஆனவரு வீடா?" என்று கேட்டார். எங்கள் அப்பாதான் அது. தினமும் காலையில் அவர் கடை வழியாகத்தான் நடக்கப் போகிறாராம். "சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

கால் கிலோ பிச்சி, கட்டுக்கூலி, ஒரு ஜோடி மாலை, ஆட்டோ, எல்லாம் சேர்த்து 1,340. யூபிஐ என் எண்ணில் போகவில்லை. தபால் ஸார் கட்டிவிட்டார். ஸார், ரொம்ப நன்றி, உங்கள் கணக்கு எண்ணை அனுப்புங்கள்.

வடசேரிக்காரன் (11:33)

புறப்படுவதற்கு முன்னால் வாட்ஸ்ஆப்பில் படம் போடச் சொன்னீர்களா? ஆட்டோக்காரர் எண் வாங்கினீர்களா? முன்பின் தெரியாத கடை என்றால் பாதிப் பணம் முன்னால், பாதி படம் பார்த்த பிறகு என்று வைத்துக்கொள்வது நல்லது. இங்கே பூக்காரி மகளுக்குத் தெரிந்த கடை என்பதால் பரவாயில்லை.

மஸ்கட்வாசி (மாலை 4:10)

படம் வந்தது. தாமரை இலைப் பொதி ஒன்று, பக்கத்தில் முறத்தில் ஜோடி மாலை. இலை மேல் தண்ணீர்த் துளி உருண்டு நிற்கிறது. ஆட்டோ கிளம்பிவிட்டதாம். இங்கே மணி 2:40, மீட்டிங்கில் உட்கார்ந்து மேசைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூர் அத்தை (4:25)

காலையிலிருந்து வேலையை விட்டுவிட்டு இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சேர்ந்ததும் எழுதுங்கள்.

மஸ்கட்வாசி (மாலை 6:52)

சேர்ந்துவிட்டது. நடந்தது இதுதான்.

அம்மா முதலில் வாங்கவே இல்லை. "நாங்க பூ சொல்லலையே, பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க" என்று ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறாள். அவர் என் பெயரைச் சொன்னதும், "அவன் மஸ்கட்ல இல்லா இருக்கான்" என்றாளாம். அப்புறம் எவ்வளவு என்று கேட்டுப் பர்ஸை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். பணம் கட்டியாச்சு என்று சொன்ன பிறகும் நம்பாமல் எனக்குப் போன்.

"யாருலே இவ்வளவு பூ வாங்கச் சொன்னது? இன்னிக்கு முகூர்த்தம், என்ன வெலைன்னு தெரியுமா உனக்கு?" என்று முதலில் ஏச்சு. நான் விலையில் முந்நூறு குறைத்துச் சொன்னேன். "ஏமாத்திட்டான்" என்றாள்.

அப்பா மாலை போட மாட்டேன் என்று சொல்லி, மாடிவீட்டு அக்கா வந்து வற்புறுத்தி, கடைசியில் ஒரு போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டார். படத்தில் கையை ஒட்டவைத்துக்கொண்டு என்சிசி பரேடில் நிற்கிற மாதிரி நிற்கிறார். எடுத்த கையோடு, சட்டை ஈரமாகிவிட்டது என்று கழற்றிவிட்டார். அவர் மாலை இப்போது ஹாலில் தாத்தா படத்தில்.

பிச்சியில் ஒரு துண்டை நாலாக நறுக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று. இன்னொன்றை அம்மா வைத்துக்கொண்டு வீடியோவில் பின்பக்கம் திரும்பிக் காட்டினாள். முடி தோளுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்தான் இருக்கிறது. சின்னக் கொண்டை.

அண்ணாச்சி ரெண்டு துண்டாகக் கட்டியது நல்லதாகப் போயிற்று.

சும்மா ஒருத்தன் (7:05)

சரி, 1,340-க்கு இவ்வளவு நடந்தது என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். அந்தத் தளத்துப் பணம் வந்ததா?

மஸ்கட்வாசி (7:09)

ஏழு வேலை நாளாம். இல்லையென்றால் இப்போதே கூப்பனாகத் தருகிறார்களாம், கூட 100 ரூபாய் சேர்த்து.

வடசேரிக்காரன் (7:11)

கூப்பனை வாங்கிவிடாதீர்கள்.

பந்தல்காரர் (இரவு 9:47)

இப்போதுதான் மேடையைப் பிரித்தோம். அந்த எட்டுக் கட்டு ஸ்டெம்பு ரோஸும் மத்தியானமே வாயைத் திறந்து இதழ் தொங்கத் தொடங்கிவிட்டது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வந்த பூ, மேடை லைட்டுச் சூடு வேறு. உங்களுக்கு நாற்பது கிடைத்திருந்தாலும் சாயங்காலத்துக்கு இதே கதைதான். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெங்களூர் அத்தை (10:02)

இதே மாதிரி தென்காசியில் யாராவது உண்டா? மாமியாருக்கு அடுத்த மாதம் எண்பது.

பூக்காரி மகள் (10:20)

தென்காசியில் எனக்குப் பழக்கம் இல்லை அத்தை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வீட்டில், தினமும் வாசலுக்குப் பூ கொண்டுவருகிற அம்மா யார் என்று கேளுங்கள். அவர்களிடம் முந்தின நாள் சொன்னால் போதும். கடை கூட வேண்டாம்.

கடலூரான் தோப்பு (அக்டோபர் 29, இரவு 11:15)

பழைய இழையைத் தூக்குவதற்கு மன்னிக்கவும். நான் கனடாவில் இருக்கிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அப்பா கல்லறை நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பங்குக் கோவிலில். அம்மா இருந்தவரை ஒவ்வொரு வருடமும் போய்ச் சுத்தம் செய்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பாள். அவளும் போன மாசியில் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒரே கல்லறையில்தான். இந்த வருடம் பூ வைக்க ஊரில் யாரும் இல்லை. பூக்காரி மகள் சொன்ன கடை இதைச் செய்வார்களா?

பூக்காரி மகள் (அக்டோபர் 30, காலை 6:05)

அண்ணே, நவம்பர் 2-க்கு அன்றைக்கே சொன்னால் நடக்காது. அன்று மாவட்டம் முழுக்கக் கல்லறைத் தோட்டங்களுக்குப் பூ போகும், கிரேந்தியும் சிவந்தியும் காலையிலேயே தீர்ந்துவிடும். இன்றே சொல்லிவிட்டீர்கள், நல்லது. உதிரிப்பூ இரண்டு கிலோ, சின்ன மாலை ஒன்று என்று கடையில் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் ஆட்டோவில் கொடுத்துவிட்டால் யார் வாங்கி வைப்பது? அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் அந்தப் பக்கம்தான் வியாபாரத்துக்கு உட்காருவோம். நாங்களே போய் வைத்துவிடுகிறோம். முந்தின நாள் புல்லையும் செதுக்கிவிடலாம். எந்த வரிசை, பக்கத்தில் என்ன அடையாளம் என்று மட்டும் தனி மெசேஜில் எழுதுங்கள்.

கடலூரான் தோப்பு (அக்டோபர் 30, காலை 6:31)

எழுதிவிட்டேன். கிணற்றுக்குப் பக்கத்து வரிசை, நீல டைல்ஸ் போட்டது. அப்பாவுக்கு எந்தப் பூவும் சரி. அம்மாவுக்குக் கொஞ்சம் பிச்சி கிடைத்தால் வையுங்கள்.